பைக் சிக்லிட்: "இது என்ன இனம்?" அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் சிக்லிட் என்ற தொட்டி மீனை வாங்குபவர்கள் முதலில் தீனியைப் பற்றிக் கேட்பார்கள். மீன் தின்னப் பழகியதும் அடுத்த கேள்வி பெயரைப் பற்றித்தான். படம் வரும், கூடவே "இது என்னண்ணா?" என்று ஒரு வரி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இனப் பெயர்களைச் சொல்லும்போது கிரெனிசிக்லா என்ற பழைய பேரினத்தை (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பொதுப் பெயரை) மனதில் வைத்தே சொல்கிறேன். அது ஏன் பழையது என்பது பின்னால் வரும்.

பைக் சிக்லிட்னா பைக் மீனுக்குச் சொந்தமா?

இல்லை. பைக் என்பது ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசியாவின் வடபகுதி ஆகிய இடங்களில் வாழும் குளிர்நீர் வேட்டை மீன். அது முற்றிலும் வேறு குடும்பம். பைக் சிக்லிட் தென்னமெரிக்காவில் வாழும், சிக்லிட் குடும்பத்து மீன். நம் ஏரிகளில் வலையில் விழும் ஜிலேபிக் கெண்டைதான் இதற்கு உறவு. நீண்ட உடலும் பெரிய வாயும் பதுங்கியிருந்து பாய்கிற பழக்கமும் பைக் மீனைப் போல இருப்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே, டிரினிடாட் தீவு தொடங்கி உருகுவே, வட அர்ஜென்டினா வரை இவை உண்டு. பிரேசிலில் ஜகுண்டா என்பார்கள், வெனிசுவேலாவில் மத்தகுவாரோ. பெயர் வைக்கப்பட்ட இனங்களே 90-ஐத் தாண்டும். ஆற்றில் இருந்தும் இன்னும் பெயர் பெறாதவை வேறு இருக்கின்றன. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பீகாக் பாஸ் குஞ்சுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு பைக் மாதிரி தெரியுது. எப்படி உறுதி பண்றது?

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். பீகாக் பாஸுக்கு (அதுவும் ஒரு தென்னமெரிக்க சிக்லிட்தான்) முள் பகுதி முடிந்து மென்கதிர்ப் பகுதி தொடங்கும் இடத்தில் நல்ல பள்ளம் இருக்கும், ஏறக்குறைய இரண்டு துடுப்பு போலத் தெரியும். பைக் சிக்லிட்டுக்கு அது ஒரே நீளமாக, பள்ளம் இல்லாமல் ஓடும்.

இன்னொன்று கன்னத்தில் இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால், செவுள் மூடிக்கு முன்னால், செங்குத்தாக ஓர் எலும்பு விளிம்பு தெரியும். பைக் சிக்லிட்டில் அந்த விளிம்பு நுண்ணிய ரம்பப் பல் போல இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் ஐந்தாறு செ.மீ. மீனிலேயே அது தெரியும். பீகாக் பாஸில் வழவழப்பாக இருக்கும். பள்ளம் இல்லை, ஆனால் வாய் மட்டும் கீழ்நோக்கி இருக்கிறது, மீன் தரையில் தத்தித் தத்திப் போகிறது என்றால் அது டெலியோசிக்லா. பைக்கின் நெருங்கிய சொந்தம், வேகமான நீரோட்டத்தில் பாறைகளுக்கிடையே வாழ்வது.

கடைக்காரர் "சாக்ஸாடிலிஸ்"னு எழுதி வெச்சிருந்தார். நம்பலாமா?

குழுவை, அதாவது ஒரே சாயலில் உள்ள இனங்களின் கூட்டத்தை, நம்பலாம்; இனத்தை நம்ப வேண்டாம். சாக்ஸாடிலிஸ் என்பது ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே பெயரிட்ட மீன். உண்மையான சாக்ஸாடிலிஸ் சுரினாம், அதை ஒட்டிய கயானா நாடுகளின் ஆறுகளில் இருப்பது. ஆனால் உடலில் முத்துப் புள்ளிகளும் தோளில் ஒரு கரும்பொட்டும் வாலடியில் ஒரு கண் பொட்டும் இருந்துவிட்டால், கொலம்பியாவிலிருந்து வந்தாலும் பெருவிலிருந்து வந்தாலும் வணிகத்தில் அது சாக்ஸாடிலிஸ்தான். கொலம்பியாவின் மேட்டா ஆற்றுப் பக்கம் ஸ்வெனி, பெருவில் அந்தூரஸ், பராணா ஆற்றின் மேல்பகுதியில் பிரிட்ஸ்கி, டிரினிடாட்டில் ஃபிரெனாட்டா என்று இந்தச் சாயலில் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது.

கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. டிரினிடாட்டில் கப்பி மீன்களின் நிறமும் வயதுக்கு வரும் காலமும் வேட்டை மீன்களால் எப்படி மாறுகின்றன என்று ஜான் எண்ட்லர், டேவிட் ரெஸ்னிக் போன்ற உயிரியலாளர்கள் செய்த புகழ்பெற்ற ஆய்வுகளில், அந்த வேட்டை மீனுக்குப் பல ஆண்டுகள் அல்டா என்ற பெயர்தான் இருந்தது. இன்று அதே மீனை ஃபிரெனாட்டா என்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைக்கே அந்த நிலைமை என்றால், தொட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிடம் நாம் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு போட்டோ அனுப்பினா பேர் சொல்லிடுவீங்களா?

மேலே இருந்து எடுத்த மங்கலான ஒற்றைப் படத்துக்கு "பைக் சிக்லிட்" என்ற பதிலுக்கு மேல் கிடைக்காது. நேர் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்திருக்கும் நேரத்தில் எடுத்த படம் வேண்டும். தலை மட்டும் நெருக்கமாக ஒன்று, வாலடி ஒன்று, முதுகுத் துடுப்பு ஒன்று. வலதும் இடதும் பொட்டுகள் வித்தியாசப்படலாம் என்பதால் இரண்டு பக்கமும் எடுங்கள். மீனின் நீளத்தையும் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசியில் சொன்ன அந்த ஒரு வரி சில சமயம் எல்லாப் படங்களையும் விட அதிகம் உதவும்.

சரி, நானே பார்க்கிறேன். முதல்ல எதைப் பார்க்கணும்?

இனத்தைத் தேடாதீர்கள், குழுவைத் தேடுங்கள். 90 படங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுவது வீண் வேலை. குழு தெரிந்தால் பட்டியல் பத்து இருபதாகச் சுருங்கும். ஆறு தெரிந்தால் இரண்டு மூன்றில் வந்து நிற்கும்.

முதலில் வாய். கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டிருக்கிறதா? பெரும்பாலான பைக்குகளில் அப்படித்தான். இரண்டு தாடையும் ஏறக்குறைய சமமாக, முகம் மழுங்கி, தலை உருண்டையாக இருந்தால் அது ரெட்டிகுலாட்டா குழு. ஜெயாய், செடென்டாரியா எல்லாம் இதில் வரும். 1840-ல் ஆஸ்திரிய மீனியலாளர் ஹெக்கல் இவற்றைத் தவளை முகத்துக்காகவே பாட்ராகோப்ஸ் என்று தனியாக வைத்தார்.

அடுத்து செதில். விரல் நகத்தால் கீறினால் மாட்டும் அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறதா, இல்லை வழவழவென்று பொடிச் செதிலா? பொடிச் செதிலும் பெரிய உடம்பும் என்றால் லுகுப்ரிஸ் குழு. ஸ்ட்ரிகாட்டா, ஜோஹன்னா, லென்டிகுலாட்டா, மார்மொராட்டா என்று ஓர் அடி தொடும் ராட்சதர்கள் எல்லாம் இங்கேதான். பெரிய செதில், தோள் பொட்டு, கண்ணுக்குக் கீழே ஒரு கரும் பட்டை, இருபது செ.மீ. சுமாரான உடல் என்றால் சாக்ஸாடிலிஸ் குழு. ஆறேழு செ.மீ.யிலேயே வளர்ந்த மீனின் நடத்தையைக் காட்டும் சின்ன மீன் என்றால் வல்லாசி குழு, அதாவது குட்டை பைக்குகள். பராணா, உருகுவே, இகுவாசு போன்ற தென்பகுதி ஆறுகளிலும் பிரேசிலின் அட்லாண்டிக் கரையோர ஆறுகளிலும் இருப்பவை லகுஸ்ட்ரிஸ் குழு. இவை கடைக்கு அபூர்வமாகத்தான் வரும்.

இந்தக் குழுப் பிரிப்புக்கு நாம் அதிகம் கடன்பட்டிருப்பது இரண்டு பேருக்கு. ஸ்வீடன் மீனியலாளர் ஸ்வென் குல்லாண்டர் ஒருவர். நெதர்லாந்தின் அலெக்ஸ் ப்ளூக் இன்னொருவர், 1991-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தப் பேரினத்தையே முழுதாக அலசி, 15 புதிய இனங்களை விவரித்தவர். பிறகு அலங்கார மீன் வணிகர்களின் சர்வதேச அமைப்பில் பணியாற்றினார். 2014-ல் உக்ரைன் மீது சுட்டு வீழ்த்தப்பட்ட மலேசிய விமானத்தில் இறந்துபோனார். ஸ்வெனி என்று அவர் பெயர் வைத்தது குல்லாண்டரை நினைத்து. 2018-ல் குல்லாண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு புதிய பைக்குக்கு ப்ளூகி என்று பெயர் வைத்தார்கள்.

செதிலை எண்ணணும்கிறாங்களே, மீனைக் கொல்லாம எப்படி எண்றது?

நல்ல கேமரா போதும். மீனைவிடக் கொஞ்சமே அகலமான கண்ணாடிப் பெட்டியில் சில நிமிடம் விட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்துப் படமெடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம்.

சிக்லிட்டின் பக்கக்கோடு (உடலின் பக்கவாட்டில் ஓடும் நுண்துளை வரிசை) ஒரே கோடாக ஓடாது. முன்பாதியில் மேலே ஒரு துண்டு, அது முடிந்ததும் வால் பக்கம் கீழே இன்னொரு துண்டு. சந்தேகமிருந்தால் அடுத்த முறை ஜிலேபிக் கெண்டை வாங்கும்போது கழுவுவதற்கு முன் பாருங்கள், அதிலும் அப்படியே உடைந்திருக்கும். கீழ்த்துண்டு எந்தச் செதில் வரிசையில் ஓடுகிறதோ, அதற்கு நேர் மேல் வரிசையைத் தலையிலிருந்து வாலடி வரை எண்ணுவதுதான் ஆய்வாளர்களின் வழக்கம். சாக்ஸாடிலிஸ் குழுவில் தோராயமாக நாற்பதுகளிலிருந்து அறுபதுகள் வரை வரும். லுகுப்ரிஸ் குழுவில் எண்பதுக்கு மேல் போய் நூறையும் தாண்டும். இரண்டு மூன்று செதில் கூடக் குறைய எண்ணினாலும் குழு மாறாது. ஆகவே முதல் கட்டத்துக்கு இது பயமில்லாத அளவுகோல்.

நேத்து பட்டை பட்டையா இருந்துச்சு, இன்னிக்கு ஒரே கோடா இருக்கு. வேற மீனா மாத்திட்டாங்களா?

அதே மீன்தான். பைக் சிக்லிட் மனநிலைக்கு ஏற்றபடி கோலம் மாற்றும். பயந்தால் செங்குத்துப் பட்டைகள் எழும், சும்மா நிற்கும்போது பக்கவாட்டில் கருங்கோடு தெரியும், ஜோடி சேரும் நேரத்தில் இரண்டும் மறைந்து வயிறு சிவக்கும். வாங்கி வந்த அன்று பையில் எடுத்த படத்தை வைத்து இனம் சொல்வது ஆபத்து.

மாறாதவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோள் பொட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது: பக்கக்கோட்டுக்குக் கீழேயா, மேலேயும் ஏறியிருக்கிறதா? அதைச் சுற்றி வெளிர் வளையம் உண்டா? வாலடிக் கண் பொட்டு நடுவிலா, கொஞ்சம் மேலேயா? கண்ணுக்குக் கீழே உள்ள பட்டை முழுப்பட்டையா, புள்ளிகளின் கூட்டமா? நிறம் மங்கலாம், ஆனால் இந்த இடங்கள் நகராது.

குஞ்சு வாங்கினேன், தலையெல்லாம் புள்ளி, உடம்பு முழுக்க நீளக் கோடு. ஸ்ட்ரிகாட்டாதானே?

இருக்கலாம். லுகுப்ரிஸாகவும் இருக்கலாம், ஜோஹன்னாவாகவும் இருக்கலாம். அந்தக் குழுவில் பல இனங்களின் குஞ்சுகள் ஒரே சீருடையில்தான் பள்ளிக்கூடம் போகும்: தலையில் கரும்புள்ளி, உடலில் நீளக் கோடுகள். வளர வளரத்தான் ஒவ்வொன்றும் தன் வழிக்குப் போகும். சிலவற்றில் கோடெல்லாம் போய் உடல் வெறுமையாகிவிடும், சிலவற்றில் பெரிய கறைகள் வரும். லென்டிகுலாட்டா வளர்ந்த பிறகும் தலைப்புள்ளிகளை வைத்துக்கொள்ளும்.

அதனால் பத்து செ.மீ. குஞ்சுக்கு இனப்பெயர் கேட்டால் என் பதில் "லுகுப்ரிஸ் குழு, காத்திருங்கள்" என்பதுதான். மாதம் ஒரு படம், அதே கோணத்தில், தேதியோடு எடுத்து வையுங்கள். இருபது செ.மீ. வந்த பிறகு அந்த வரிசையைப் பார்த்தால் பெரும்பாலும் பதில் அதிலேயே இருக்கும். தொட்டியை மட்டும் இப்போதே ஓர் அடி மீனுக்குத் திட்டமிடுங்கள், பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

என்கிட்ட இருக்கிறது குட்டை பைக்கா, இல்ல பெரிய பைக்கோட குஞ்சா?

அளவை வைத்து முடியாது, முதிர்ச்சியை வைத்து முடியும். ரெகானி, நோட்டாஃப்தால்மஸ் போன்ற குட்டை பைக்குகளில் பெண் மீனின் முதுகுத் துடுப்பில் வெளிர் வளையமிட்ட கண் பொட்டுகள் வரும். விரல் நீள மீனில் அவை தெளிவாக இருந்து, வயிறும் சிவந்து, குகைக்குள் இடம்பிடித்துச் சண்டையும் போட்டால் அது வளர்ந்த மீன், குஞ்சு இல்லை. அதே நீளத்தில் கண் மட்டும் தலைக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்து, தலைப்புள்ளியும் நீளக்கோடும் இருந்தால் முந்தைய பதிலுக்குப் போங்கள். டோகன்டின்ஸ் ஆற்றின் கம்ப்ரெஸிசெப்ஸ் இன்னும் சிறியது, நெருக்கமான செங்குத்துக் கோடுகள் இருக்கும். அதை வேறெதோடும் குழப்ப வாய்ப்பு குறைவு.

ஒண்ணுக்கு வயிறு சிவப்பு, இன்னொண்ணுக்குப் புள்ளி. ரெண்டும் வேற வேற இனமா?

ஆணும் பெண்ணுமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாக்ஸாடிலிஸ் குழுவில் பக்கவாட்டு முத்துப்புள்ளிகள் ஆணுக்கு அதிகம். பெண் உருண்டு திரண்டு, வயிறு இளஞ்சிவப்பாகி, முதுகுத் துடுப்பின் ஓரத்தில் வெளிர் பட்டையோ கரும்பொட்டோ காட்டும். பல இனங்களில் பெண்ணின் துடுப்புதான் இனத்தைச் சொல்லும் என்பதால், ஆணின் படத்தை மட்டும் அனுப்பினால் பாதிச் சான்றுதான் வந்து சேர்கிறது.

பட்டியல்ல "எஸ்.பி. ஷிங்கு 1"னு போட்டிருந்தது. எஸ்.பி., சி.எஃப்., அஃப்., இதெல்லாம் என்ன?

எஸ்.பி. என்றால் பேரினம் தெரியும், இனத்துக்குப் பெயர் இல்லை அல்லது முடிவாகவில்லை. சி.எஃப். என்றால் இந்த இனமாக இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அஃப். என்றால் இந்த இனத்துக்கு நெருக்கமானது, ஆனால் இது அதுவல்ல என்று எழுதியவர் நினைக்கிறார். மூன்றும் தோல்வியின் அடையாளம் இல்லை. அழுத்தம் திருத்தமாக எழுதிய தவறான பெயரைவிட "எஸ்.பி." என்பதோடு ஓர் ஆற்றின் பெயர் இருந்தால் எனக்கு அது ஆயிரம் மடங்கு பயன்.

ஷிங்கு அமேசானின் தென் கிளையாறு. ஆல்டமீரா நகரத்தைச் சுற்றியுள்ள பாறை ஓட்டங்களிலிருந்து எண்ணற்ற மீன்கள் வணிகத்துக்கு வந்தன. பெயர் தெரியாத பைக்குகளுக்கு அன்பர்கள் ஷிங்கு 1, 2, 3 என்று எண் போட்டார்கள். ஷிங்கு 1-இன் குஞ்சு பளிச்சென்ற ஆரஞ்சு, அதனால்தான் அவ்வளவு கிராக்கி. இதே ஆற்றின் கரிய பைக் ஒன்றுக்கு 2018-ல் தண்டாரா என்று முறையான பெயர் கிடைத்தது, பிரேசிலில் அடிமைத்தனத்தை எதிர்த்த பால்மாரெஸ் குடியிருப்பின் பெண் போராளியின் பெயர் அது. 2016-ல் மின் உற்பத்தி தொடங்கிய பெலோ மாண்டே அணையால் அந்த ஓட்டங்களின் நீர்வரத்தே மாறிவிட்டது. அங்கிருந்து வந்த மீனின் இடக் குறிப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

புதுசா "சாக்ஸாடிலியா சாக்ஸாடிலிஸ்"னு பார்த்தேன். எழுத்துப் பிழையா?

பிழை இல்லை. 2023-ல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து, பழைய கிரெனிசிக்லாவைப் பல பேரினங்களாகப் பிரித்தது. மேலே சொன்ன குழுக்கள் பலவும் தனிப் பேரினங்களாகிவிட்டன: சாக்ஸாடிலிஸ் குழு சாக்ஸாடிலியா, லுகுப்ரிஸ் குழு லுகுப்ரியா, குட்டை பைக்குகள் வல்லாசியா. கடைப் பட்டியலும் பழைய புத்தகங்களும் இன்னும் கிரெனிசிக்லா என்றே பேசுகின்றன, அதனால்தான் நானும் இங்கே இனப் பெயரை மட்டும் சொல்லிப் போகிறேன். தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

எந்த ஆறுன்னு கடையில தெரியாதுங்கிறாங்க. விட்டுடலாமா?

ஆறு தெரியாவிட்டாலும் ஏற்றுமதி நகரம் தெரியலாம். மனாஸ், பெலெம், பெருவின் இக்கிடோஸ், கொலம்பியாவின் பொகோட்டா என்று எந்த ஊர்ப் பெட்டி என்பதை இறக்குமதியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். அதே பெட்டியில் வந்த மற்ற மீன்களும் சாட்சி சொல்லும். பைக்குகள் பல நேரம் வேறு மீனோடு கலந்தே வருகின்றன. ஷிங்குவில் மட்டுமே உள்ள வரிக்குதிரை ப்ளெக்கோ என்ற கெளுத்தி மீன் கூட வந்திருந்தால் பைக்கும் அங்கேயே பிடிபட்டிருக்க வாய்ப்புண்டு. சிங்கப்பூரில் இறங்கி ஏறிய சரக்கென்றால் மட்டும் இந்தத் துப்பறியும் வேலையை அவ்வளவு நம்ப வேண்டாம், அங்கே பெட்டிகள் கலந்துவிடும்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா முடிஞ்சுதே?

முடியாது, சில சமயம் தொடங்கவே செய்யாது. வழக்கமான பார்கோடு சோதனை ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிடுவது. உருகுவே ஆற்றில் ஒரே மூதாதையிலிருந்து குறுகிய காலத்தில் பிரிந்த பைக்குகள் இருக்கின்றன. டென்டிபாகுவாசு என்ற இனத்துக்குத் தடித்த பெரிய உதடுகள், அதே ஆற்றின் மிஸ்ஸியோனெய்ராவுக்கு அப்படி இல்லை. பார்த்த உடனே வேறு என்று சொல்லிவிடலாம், ஆனால் மைட்டோகாண்ட்ரியா அவற்றைச் சரியாகப் பிரித்துக் காட்டுவதில்லை. போதாததற்கு, ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிக்கே தப்பான பெயர் இருந்தால் முடிவும் தப்பாகத்தான் வரும். நல்ல படமும் ஆற்றின் பெயரும் இருந்து, இரண்டு இனங்களுக்கிடையே ஊசலாடினால் மட்டும் யோசிக்கலாம்.

பேர் தெரியலைன்னா எப்படி வளர்க்கிறது?

வளர்ப்புக்குக் குழுவும் ஊரும் போதும். ஷிங்கு மீனுக்கு 28 டிகிரிக்கு மேல் வெப்பமும், நல்ல ஓட்டமும், நிறைய ஆக்சிஜனும் வேண்டும். உருகுவே, பராணா பக்கத்து மீனை ஆண்டு முழுக்க அதே சூட்டில் வைத்தால் நலிந்துபோகும், அதன் ஆறுகளில் குளிர்காலம் உண்டு. ரியோ நெக்ரோ போன்ற கறுப்பு நீர் ஆற்றிலிருந்து வந்த குட்டை பைக்குக்கு மென்மையான, அமிலத்தன்மையுள்ள நீர். எல்லாவற்றுக்கும் பொதுவாக, மறைவிடம் மீன்களின் எண்ணிக்கையைவிட அதிகம் இருக்கட்டும். வாயில் நுழையும் எதையும் கூட விடாதீர்கள்.

ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, ஜோடி போட்டு முட்டையும் வெச்சிடுச்சு. குஞ்சை விற்கலாமா?

ஜோடி சேர்ந்ததே ஒரே இனம் என்பதற்குச் சான்று இல்லை. அடைத்த தொட்டியில் நெருங்கிய சிக்லிட் இனங்கள் கலப்பதுண்டு. இரண்டும் ஒரே சரக்கில் வந்தவை என்றால் கொடுங்கள், ஆனால் பெற்றோரின் படத்தோடும் உங்களுக்குத் தெரிந்த ஊர்க் குறிப்போடும் கொடுங்கள். வேறு வேறு கடையில் வாங்கியவை, இரண்டும் "சாக்ஸாடிலிஸ்" என்றால் மூன்றாவது கேள்வியின் பதிலை மறுபடி படியுங்கள். அந்தக் குஞ்சுகளை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மீன் செத்துப்போச்சு. இனிமே தெரிஞ்சுக்க வழியே இல்லையா?

உயிரோடு இருந்ததைவிட இப்போது எளிது, சீக்கிரம் செய்தால். நிறம் போவதற்குள், துடுப்புகளை விரித்து ஊசியால் நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பிறகு துடுப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி 95 சதவீத எத்தனாலில் தனியாகப் போடுங்கள், மரபணுவுக்கு அது. உடலை 10 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, சில நாள் கழித்துக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றலாம். ஃபார்மலின் மரபணுவைக் கெடுக்கும், அதனால்தான் துண்டை முதலில் எடுக்கச் சொன்னேன். ஃபார்மலின் கிடைக்காவிட்டால், கிடைத்தாலும் அந்த நச்சுப் புகையைக் கையாளப் பழக்கம் இல்லாவிட்டால், உடலை ஃப்ரீசரில் தட்டையாக வைத்தாலும் செதிலை எண்ணுவதற்குக் குறைவில்லை. வாங்கிய தேதி, கடை சொன்ன பெயர், எந்த ஊர்ச் சரக்கு என்பதைப் பென்சிலால் எழுதிப் பையோடு சேர்த்து வையுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.